துரை கொடுத்த பந்துத்திடல்

இன்று மலாக்கா டவுன் திடலில் புதுப்பந்தின் தோல்வாசம் மூக்கில் ஏறியதும், ரெம்பியா பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், மேலாளரான துரை வெட்டிக்கொடுத்த பந்துத்திடல் நினைவில் எழுந்தது.

"சும்மா குடுக்க அவரென்ன நம்ம மாமனா? எவனுக்குத் தெம்பு மிச்சமிருக்கோ அவனுக்கு தெனம் வெட்டுற மரத்த கூட்டுவாருலா," என்பார் அப்பா. அதனால், துரையிடம் போய்ச் சொல்லும் கங்காணி ஓரத்தில் நிற்கும் மாலைகளில், காலையெல்லாம் பால்மரம் வெட்டிய ஆண்கள் வேண்டுமென்றே நொண்டி, இடுப்பைப் பிடித்து, பொய்யாக மூச்சிரைத்து, வந்த அணிக்கெல்லாம் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்.

ஒருநாள் பந்து காலடிக்கே உருண்டு வர, அப்பா எல்லாவற்றையும் மறந்து பறந்தார்.

"ஐயோ, மெதுவாங்க! கங்காணி பாக்குறாரு!" என்று அம்மா கத்துவதற்குள் கோல்.

மறுநாள் காலை, ஆள் எண்ணும் பெரட்டில், அப்பாவுக்கு ஐம்பது மரம் கூடுதல்.

அந்தத் திடலில் இப்போது ரப்பர்க்கன்றுகள். நானோ, பந்தை உதைக்குமுன் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.