அடுத்தவன் பாட்டென்று ஒரு பாட்டு

பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர், சாயங்காலம் மச்சானுடைய ராக் குழுவில் நாலு கம்பி பேஸ் கிதார். அதனால் குழுவில் அவனுக்கு லிஃப்ட்டு என்றே பெயர். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பாடுகிறவனும் அவன்தான், அவன் வைத்ததுதான் அங்கே சட்டம்.

லிஃப்ட்டு எப்போதாவது சொந்தப் பாட்டைக் கொண்டுபோனால், "மாப்ள, உனக்குக் கம்பி நாலு போதும். பேனா எதுக்கு?" என்பான் மச்சான். டிரம்ஸ்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான். வீட்டில் கட்டினவளும் அண்ணன் கட்சி.

பிறகு, பழைய வெளிநாட்டுக் குழுக்களின் பாட்டுகளைத் திரும்பப் பாடி ஒரு கவர் ஆல்பம் போடலாம் என்று முடிவானது. லிஃப்ட்டு துணிந்து தன் பாட்டையே வாசித்துக் காட்டினான்.

"யாரோ ஒரு பழைய குழு, மச்சான். ஒரே ஆல்பத்தோட கலைஞ்சுட்டாங்க."

"எனக்கேவா சொல்ற? காலேஜ்ல இதக் கேட்டுத்தானே வளர்ந்தேன்!" என்றான் மச்சான். பொய் சொல்ல அவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அன்றே பதிவு செய்தார்கள்.

ஆல்பம் வெளிவரும் முன்பே மனைவி அந்தப் பாட்டைப் போனில் ஓயாமல் கேட்டாள். வெங்காயம் நறுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத எழுதினவன் பொண்டாட்டி குடுத்து வச்சவ" என்றாள் ஒருநாள்.

பாவி மனுஷன், உருகிவிட்டான். இத்தனை வருஷத்தில் அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

"நான்தான் எழுதினேன்" என்றான்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் ஒத்திகை அறையில் அவன் நாற்காலியில் வேறொருவன் கிதாரோடு உட்கார்ந்திருந்தான்.

"பாட்டத் தூக்கியாச்சு. லிஃப்ட்டுக்காரன் எழுதினதுன்னு தெரிஞ்சா நம்மள எவன் மதிப்பான்?" என்றான் மச்சான்.

"நல்லா இருக்குன்னு நீங்கதானே மச்சான்..."

"அப்ப நல்லா இருந்துச்சு. கெளம்பு."

வீட்டுக்கு வந்தான். மனைவி போனிலிருந்து அந்தப் பாட்டை அழித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபமில்லை. முகம் வெட்கத்தில் சிவந்திருந்தது, அதுதான் கொடுமை.

"போயும் போயும் உங்க பாட்டுக்கா நான் அழுதேன்?" என்றாள். "தயவுசெஞ்சு வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."