பூங்காவுக்கு அடியில் ஒரு கிணறு

எங்கள் தெருவில் பூங்கா வந்த கதையைக் கேட்டால் எல்லோரும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான் வாய் நிறையச் சொல்வார்கள். வீட்டுக்கு ஓராள், ஆளுக்கொரு மண்வெட்டி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு அண்டாக் கூழ் என்று. அதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அந்தப் பூங்கா என்றால் பயம். அதைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி, செம்பருத்திக் கிளை ஒடித்து வந்து நட்டவளே நான்தான். ஆனாலும் எட்டு வருஷம் அதைப் பார்த்துப் பார்த்துச் செத்துப் பிழைத்தேன். காரணமும் நான்தான்.

கருவடிக்குப்பத்துப் பக்கம் அப்போது வீடுகள் அதிகம் இல்லை. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு. பாதிப் பேருக்கு மில் வேலை, என் வீட்டுக்காரரும் மில்தான். தெருக்கோடியில் ஒரு புறம்போக்கு மனை கிடந்தது. வேலிக்காத்தான் முள், எல்லார் வீட்டுக் குப்பை, நடுவில் ஒரு பாழுங்கிணறு. எந்தக் காலத்திலோ யாரோ தோட்டம் வைத்திருந்த இடமாம். மழை பெய்தால் அங்கிருந்து பாம்பு கிளம்பி எங்கள் அடுப்படி வரைக்கும் வரும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்திருந்த ஒருவர் மூன்றாவது வீட்டில் இருந்தார். அந்த மாதிரி ஆட்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். வெள்ளைத் தொப்பி போடாமல் வாசலுக்கு வரமாட்டார். அவர்தான் முதலில் ஆரம்பித்தார். "பாம்புக்கு பயந்து எத்தினி நாளு கதவ சாத்திகினு கெடக்கறது? சுத்தம் பண்ணி ஒரு ழார்தேன் போடுவோம். புள்ளைங்க ஆடட்டும்." ழார்தேன் என்றால் தோட்டம் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், தெரியாதவர்களும் தலையாட்டினார்கள். மூன்று ஞாயிறில் முள் போனது, குப்பை போனது. கிணற்றின் கைப்பிடிச் சுவரை இடித்து, அந்தச் செங்கல்லையே பாத்திக்கு வரப்பாக வைத்தார்கள். மிச்சம் கிணறு மட்டும்தான்.

நாலாவது ஞாயிறு மண் அடித்து அதைத் தூர்ப்பதாகப் பேச்சு. கிணற்றைத் தூர்ப்பது பாவம் என்று எல்லோருக்கும் உள்ளூர ஒரு உதறல். முதல் கூடை மண்ணை யார் போடுவது? ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் வீறாப்புக்காரர். "இங்க குடுங்க, நான் போடறேன்" என்று கூடையைத் தூக்கிவிட்டார்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாசம். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. மாசமாக இருப்பவளின் புருஷன் பிணம் தூக்கக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, கிணற்றில் கைவைக்கவே கூடாது என்பார்கள். இரண்டு முறை கை நழுவவிட்டவள் எதைத்தான் நம்பாமல் இருப்பாள்? ஓடிப்போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, உங்களுக்கு புத்தி கெட்டு பூட்டுச்சா? வயித்துல புள்ளைய வச்சிகினு நான் நிக்கறேன், நீங்க கெணத்த மூடறீங்களே!"

எல்லார் எதிரிலும் ஓவென்று அழுதேன். ஒருத்தருக்கும் அதற்கு மேல் மண் போடத் தைரியம் வரவில்லை. தட்டாஞ்சாவடிப் பட்டறையில் பிட்டராக இருந்த எதிர்வீட்டுத் தம்பிதான் வழி சொன்னான். "அண்ணி, அழாதீங்க. தூர்க்க வேணாம், மேல மூடிடுவோம். பனங்கட்டைய குறுக்க அடுக்கி மண்ண போட்டுட்டா கெணறும் இருக்கும், பாவமும் இல்ல." கிணறு மூச்சு விட வேண்டுமே என்று ஒரு இரும்புக் குழாயையும் பட்டறையிலிருந்து கொண்டுவந்து நடுவில் சொருகினான். கட்டையின்மேல் கீற்று, கீற்றின்மேல் ஒரு முழம் மண். அதன்மேல் அருகம்புல். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

பங்குனியில் என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். பூவரசும் பாதாமும் வேம்பும் கிடுகிடுவென்று வளர்ந்தன. வீட்டுக்கு ஒரு மரம் என்று பிரித்துக்கொண்டு பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினோம். பிட்டர் தம்பி ஊஞ்சல் செய்து மாட்டினான். சாயங்காலம் சொல்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் சொந்த அரண்மனைத் தோட்டம் மாதிரி சுற்றி வருவார். அந்தக் குழாயில் பிள்ளைகள் கூழாங்கல்லைப் போட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் 'ளொடக்' என்று கேட்கும். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதில்தான் அந்தக் கிணற்றின் ஆழம் எனக்குத் தெரிந்தது.

மகள் நடக்க ஆரம்பித்ததும் பயமும் கூடவே நடக்க ஆரம்பித்தது. கோடை வந்தால் சுற்றிலும் புல் பச்சையாக இருக்கும், கிணற்றின்மேல் மட்டும் மண் கம்மி அல்லவா, வட்டமாகக் காய்ந்துபோகும். தோசைக்கல் மாதிரி அச்சாக ஒரு பெரிய வட்டம். மற்றவர்கள் கண்ணுக்கு அது வெறும் மொட்டைத் தரை. போதாக்குறைக்கு ஒரு பிள்ளை தடுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டதென்று தம்பி அந்தக் குழாயையும் அறுத்து எடுத்துவிட்டான். அதற்கப்புறம் அங்கே கிணறு என்ற நினைப்பே தெருவில் இல்லை. புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

புல் இல்லாத சமதரை என்றால் பிள்ளைகள் விடுமா? பாண்டி ஆடுவதற்குக் கட்டம் போட அதைவிட நல்ல இடம் பூங்காவிலேயே இல்லை. என் மகள் அதன்மேல் சில்லை எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் நொண்டி நொண்டிக் குதிப்பாள். "அங்க ஆடாத, தேளு இருக்கு" என்பேன். "உனக்கு எங்க பாத்தாலும் தேளுதாம்மா" என்று சிரித்துவிட்டு ஓடுவாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வைரம் பாஞ்ச பனைடி, நம்ம பேரன் காலத்துக்கும் தாங்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி" என்றார். ஒரு ஞாயிறு எல்லோரும் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, தோண்டிப் பார்த்துவிடலாமா என்று வாய்விட்டுக் கேட்டேன். சொல்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "மூட வேணாம்னு அழுததும் நீதான், தெறக்கணும்னு அழுவறதும் நீதானாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேனே, அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எட்டாவது வருஷம் கார்த்திகையில் நாலு நாள் விடாமல் அடைமழை. ஐந்தாம் நாள் காலையில் வெளுத்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போது பார்த்தேன், அந்த வட்டம் தட்டு மாதிரி குழிந்து அதில் மழைத் தண்ணீர் நின்றது. பூங்கா முழுக்கவே அங்கங்கே தேங்கித்தான் இருந்தது. மத்தியானம் துணி உலர்த்தப் போனபோது மறுபடி பார்த்தேன். மற்ற இடத்துத் தண்ணீரெல்லாம் அப்படியே நிற்கிறது, வட்டத்துத் தண்ணீரை மட்டும் காணோம். எங்கே போயிருக்கும்? கீழேதானே போயிருக்கும்?

வாளியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் என் மகள் அந்த வட்டத்து ஈரத்தரையில் புதுசாகக் கட்டம் போட்டு, மூன்றாவது கட்டத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை. கத்தினால் ஓடுவாள், ஓடினால் மிதிப்பாள். மெதுவாக ஓரத்துக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"கண்ணு, மெதுவா அம்மா கைய புடி."

"இன்னும் ரெண்டு கட்டந்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு குதி குதித்தாள். காலடியில் தரை லேசாக நெளிந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அடுத்த குதியில் அவள் கை எட்டியது. இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் செம்பருத்தியின்மேல் விழுந்தோம். எழுந்ததும் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்த வீட்டுக்காரர் கையில் டிபன் கேரியரோடு ஓடிவந்தார். "இன்னாடி இது, ஊரே சிரிக்குது" என்றார். சிரிக்கத்தான் செய்தார்கள். "கெணறு வெட்ட பூதம் கெளம்புன கதையால்ல இருக்கு" என்று யாரோ சொன்னது கூடக் காதில் விழுந்தது. நேரே எதிர்வீட்டுக்குப் போய்த் தம்பியின் கடப்பாரையை எடுத்துவந்தேன். வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு, எட்டி, மகள் நின்ற அந்த மூன்றாவது கட்டத்தில் ஓங்கிக் குத்தினேன்.

கடப்பாரை நிற்கவில்லை. கையை உருவிக்கொண்டு முழுசாக உள்ளே போய்விட்டது. அந்தக் கொஞ்ச நேரம். அப்புறம் கீழே எங்கேயோ தொபுக்கென்று ஒரு சத்தம்.

சொல்தா தொப்பியைக் கழற்றினார். என் வீட்டுக்காரர் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், எட்டு வயசுப் பிள்ளையை, கைக்குழந்தை மாதிரி.

மறுநாள் மில்லுக்கு யாரும் போகவில்லை. உளுத்த கட்டைகளைக் கயிறு கட்டி இழுத்தெடுத்தார்கள். மாட்டுவண்டியில் செம்மண் வந்து குவிந்தது. இந்த முறை தூர்ப்பது என்று முடிவு. மறுபடியும் அதே பேச்சு, முதல் கூடையை யார் போடுவது? மறுபடியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். வீட்டுக்காரர் கூடையைத் தூக்கினார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"தடுத்தவ நான். நானே போடறேன்."

போட்டேன். பழைய குற்றத்துக்குப் பரிகாரம் செய்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு நாள் தள்ளிப்போய் இருபது நாள் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட. சொல்லியிருந்தால் அந்தக் கூடையை என் கையில் விட்டிருப்பார்களா? மண் திரும்பவும் அப்படியே குவியலாகக் கிடந்திருக்கும்.

அதற்கப்புறம் ஏழெட்டு மாசம் நான் பட்ட பயத்தை எழுத்தில் சொல்ல முடியாது. வயிறு லேசாக இழுத்தாலே அந்த மண் விழுந்த சத்தம் கேட்கும். ஆடியில் மகன் பிறந்தான், கொழுகொழுவென்று. பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்த வீட்டுக்காரர், விரல்விட்டு மாசத்தை எண்ணிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிப்பாவி, மண்ண போட்டப்பவே உனக்கு தெரியுமா?"

"தெரியும்."

"பயமா இல்லியா?"

"பயந்துகினேதான் போட்டேன். அன்னிக்கி வயித்துல இருந்ததுக்கு பயந்து கெணத்த தூர்க்காம வுட்டேன். அந்த புள்ளதான் வெளிய வந்து அந்த கெணத்து மேலயே நொண்டி அடிச்சுது."