வரலாம் அண்ணனின் நாற்காலி

"வரலாம், வரலாம்... பயப்படாதீங்க, கடல் எங்கயும் ஓடிடாது, வரலாம்... போதும்!" என்று கத்திவிட்டு, காரின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். கார் நிற்கிறது. பின்னால் டிரெய்லரில் இருக்கும் படகு மட்டும் அலுங்காமல் தண்ணீரில் இறங்குகிறது. உடனே தம் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி, சரிவில் இரண்டடி மேலே போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

ஊரில் அவருக்குப் பெயரே 'வரலாம் அண்ணன்'தான். பொதுப் படகுத்துறையில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வைப்பதும், படகு இறக்குபவர்களுக்கு வழிகாட்டுவதும் பதினெட்டு வருடமாக அவர் வேலை. நாற்காலி சிவப்பு, ஒரு கை கிடையாது. கடல் ஏற ஏற நாற்காலியும் சரிவில் மேலேறும். கடல் இறங்கினால் அதுவும் இறங்கும். காரின் பின்சக்கரம் நாற்காலியைத் தாண்டக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

"கண்ணாடியப் பாக்காதீங்க, என்னப் பாருங்க" என்பார். ஒருமுறை நான் கண்ணாடியை நம்பினேன். விளக்குக் கம்பத்தில் அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. சாயங்காலம் மனைவி ஸ்கூட்டரில் வந்து ஏற்றிப் போவார். பின்னால் உட்கார்ந்ததும் இவர், "லெஃப்ட்ல ஒடி" என்று ஆரம்பிப்பார். "வீடு வர்ற வரைக்கும் வாயத் தொறந்தீங்க, நடுரோட்டுல இறக்கி விட்டுருவேன்" என்பார் அண்ணி. அத்தனை டிரைவர்களை ஆட்டிவைக்கும் வாய் அதோடு மூடிக்கொள்ளும்.

போன மாதம் துறைக்கு நல்ல காலம் பிறந்தது. அதுவரை வாகன நிறுத்தம் என்பது வெறும் சேறு. "டாக்டர் படகுல போயிருக்காரு, ரெண்டு மணிக்குத்தான் கரைக்கு வருவாரு, தைரியமா அவரு வண்டிக்குப் பின்னாடி போடுங்க" என்று அண்ணன் மனக்கணக்கில் நிறுத்த வைப்பார். இப்போது தார், எண் போட்ட கட்டங்கள், டிரெய்லருக்கென்று நீளக் கட்டங்கள், அம்புக்குறிகள். குறை சொல்ல மனம் வரவில்லை, நன்றாகத்தான் செய்திருந்தார்கள். சரிவில் ஒரு மஞ்சள் கோடு போட்டு, 'பின்சக்கரத்தை இங்கே நிறுத்தவும்' என்றும் எழுதியிருந்தார்கள்.

கூடவே அண்ணனுக்கு ஒரு கடிதம்: இந்த மாதத்தோடு ஆள் தேவையில்லை. நாற்காலி கிடங்குக்குப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன், கோடு போட வைத்த இன்ஜினீயரிடம் ஒன்றுதான் கேட்டார். "கோடு அழகா இருக்கு சார். ஆனா காலையில போட்டீங்களே, மதியம் தண்ணி மேல வருமே?"

"எல்லாம் அளந்துதான்யா போட்டிருக்கோம்."

திறப்பு விழா நண்பகலில் நடந்தது. முதல் படகை இறக்க இன்ஜினீயரே அலுவலகத்தின் புது ஜீப்பில் ஏறினார். அண்ணன் வேலிக்கு வெளியே என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜீப் பின்னால் வந்தது. இன்ஜினீயர் தலையை வெளியே நீட்டினார்.

"கோடு எங்கய்யா?"

"தண்ணிக்குள்ள இருக்கு சார்!" என்றது கூட்டம். பேண்டு வாத்தியத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் கோடு வரும் என்று அவர் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்கண்ணே!" என்றேன்.

"நாந்தான் வேணாம்னுட்டாங்களே. எதுக்குச் சொல்லணும்?" என்றார். சொன்ன வாய் மூடுவதற்குள் வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டார். "போதும்! போதும்! போதும்!" என்று ஓடிப்போய் ஜீப்பின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். ஜீப் நின்றது. ஆனால் அதற்குள் பின்சக்கரங்கள் முழுகியிருந்தன. இன்ஜினீயர் கதவைத் திறந்ததும், கடல் அவரை முந்திக்கொண்டு உள்ளே ஏறியது.

கயிறு கட்டி ஜீப்பை வெளியே இழுத்தார்கள். இன்ஜினீயர் பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தமிட, கிடங்குக்குப் போய், அந்த ஒற்றைக் கை நாற்காலியைத் தாமே தூக்கி வந்தார். தண்ணீரைப் பார்த்து, சரிவைப் பார்த்து, ஓர் இடத்தில் போட்டார்.

"இங்க... சரியா இருக்குமாண்ணே?"

அண்ணன் கடலை ஒரு பார்வை பார்த்தார். காலால் நாற்காலியை ஒரு சாண் மேலே தள்ளிவிட்டு, உட்கார்ந்தார்.