என் குரலில் இன்னொருவன்

கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து என் மனைவிக்கு என் குரல் பிடித்துப்போனது. அந்தக் குரலில் பேசியது நான் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே, கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். மவுஸைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயந்தவர்களையெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். என் வகுப்பில் சத்தம் இருக்கும். எல்லாம் என் சத்தம்தான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நம்புகிறவன் நான். யார் மேலும் கை நீட்டியதில்லை, வாயோடு சரி. கீழே பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "இன்னைக்கு யாரு மாட்டுனா?" என்று கேட்பதுண்டு.

எல்லார் கையிலும் போன் வந்த பிறகு சென்டரில் பாதி நாற்காலி காலி. அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் இருக்கிற ஒரு பயிற்சி நிறுவனம் கூப்பிட்டது. பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் இருக்கிற பெண்கள் வீட்டில் இருந்தபடியே போனில் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள ஒரு படிப்பு தயாரிக்க வேண்டும். ஃபைல் திறப்பது, தமிழில் டைப் அடிப்பது, கடிதம் தயாரிப்பது, ஸ்கேன் எடுத்து அனுப்புவது என்று பாடங்கள். நிறுவனத்தில் இதைக் கவனிக்கிற மேடம் சின்ன வயதுக்காரர். "எல்லாம் ஏஐ பண்ணிடும் சார். நீங்க கூட இருந்து சரி பண்ணிக் குடுத்தாப் போதும்" என்றார்.

நான் வருஷக்கணக்காகப் போர்டில் எழுதி அழித்த பாடத்தை அந்த ஏஐ டீ ஆறுவதற்குள் வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிட்டது. பாடம், பயிற்சி, கேள்வி, பதில், எதுவும் பாக்கியில்லை. எனக்குச் சுருக்கென்றது. குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். நிறையவே கிடைத்தது. 'தங்களது கோப்பினை அணுகுவதற்குச் சுட்டியினை இருமுறை சொடுக்கவும்' என்று எழுதியிருந்தது. வரதராஜன்பேட்டையில் ஒரு பெண் இதைப் படித்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவாள். 'அந்த மஞ்சள் பை படத்து மேல ரெண்டு தட்டு தட்டுங்க' என்று மாற்றினேன்.

படங்களும் அப்படித்தான். உடையார்பாளையத்து முந்திரித் தோப்பில் ஒரு பெண் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டால், தேக்கு மாதிரி நெட்டையான மரங்களுக்கு நடுவே வடநாட்டு முக்காடு போட்ட ஒரு பெண்ணை உட்கார வைத்தது. முந்திரி மரத்துக் கிளை ஆள் குனிந்து நுழைகிற உயரத்தில்தான் பரவும் என்று சொல்லிச் சொல்லி வரவைத்தேன். நான் எத்தனை முறை திட்டினாலும் அது கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு படம் போட்டது. அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது.

தப்பான பதிலை அமுக்கினால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நானே எழுதினேன். 'தவறு. பாடத்தைக் கவனமாகப் படிக்கவும்.' மேடம் உடனே கூப்பிட்டார்.

"சார், இதைக் கேட்டா அடுத்த பாடத்துக்கு வரமாட்டாங்க சார். கொஞ்சம் இதமா மாத்தித் தரச் சொல்லுங்க."

ஏஐயிடம் சொன்னேன். அது எழுதிக் கொடுத்ததை ஊர்ப் பேச்சுக்குத் திருப்பினேன். 'பரவாயில்லைங்க. எல்லாருக்கும் இங்கதான் சறுக்கும். வாங்க, இன்னொரு தடவை சேந்து பாப்போம்.' நம் பக்கத்தில் எந்த வாத்தியார் இப்படிக் குழைந்து பேசுகிறார் என்று முனகிக்கொண்டே அனுப்பிவைத்தேன்.

கடைசியில் குரல் பாக்கி இருந்தது. கம்ப்யூட்டர் கொடுத்த குரல்கள் எதுவும் நம் ஊர்ப் பேச்சோடு ஒட்டவில்லை. என் குரலையே பிரதி எடுத்துவிடலாம் என்று மேடம் சொன்னார். சரி என்று, அவர் கொடுத்த பக்கங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பினேன். சில நாளில், நான் வாசிக்காததையெல்லாம் பேசிக்கொண்டு என் குரல் திரும்பி வந்தது. என்னுடைய செருமல் அதில் இல்லை. நடுவில் சலித்துக்கொள்கிற பெருமூச்சும் இல்லை. அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வேலை முடிந்தது, மறந்துவிட்டேன்.

என் மனைவிக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க நானும் பார்த்தவன்தான். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை என்று அவள்தான் கேட்டாள். ஒரு வாரம் ஓடியது. ஒரு நாள், அடித்து முடித்த கடிதத்தைக் காணவில்லை என்றாள்.

"எங்க சேவ் பண்ண?"

"கம்ப்யூட்டர்லதான்."

இதற்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்வான்? நான் சொன்னேன். அவள் எழுந்துபோய் கிரைண்டரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் நான் சொன்ன மீதி அவளுக்குக் கேட்டிருக்காது. அத்தோடு பழைய லேப்டாப் பீரோ மேல் ஏறிவிட்டது.

போன வருஷம் ஒரு நாள், பராமரிப்பு வேலை என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். சென்டரைப் பூட்டிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். கதவைத் தள்ளப் போகும்போது உள்ளே ஓர் ஆண் குரல். "அவசரமே இல்லைங்க. நிதானமா பாருங்க" என்று தாங்கித் தாங்கிப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு என் மனைவி சிரிக்கிறாள். வாசலில் வேறு செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

"யாரு உள்ள?" என்றேன்.

"நீங்கதான்" என்றாள்.

சமையல் மேடையில் தேங்காய் எண்ணெய் டப்பாவில் சாய்ந்தபடி போன் நின்றது. பக்கத்தில் லேப்டாப். பீரோவை விட்டு எப்போது இறங்கியது என்றே எனக்குத் தெரியாது. மகளிர் குழு வழியாக அவளும் அந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அரியலூரில் குழுக்களுக்கெல்லாம் பொதுவான ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். படிப்பை முழுசாக முடித்தவர்களை மட்டும் நேரில் கூப்பிட்டுச் செய்துகாட்டச் சொல்வார்களாம். "நானும் ஒரு ஆபீசுக்குப் போயிட்டு வரணுங்க. ஒரு தடவையாச்சும்" என்றாள். அவள் எதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"எங்கிட்ட கேட்டா சொல்லித் தரமாட்டேனா?"

"கேட்டேனே" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் மூன்று பேர். அந்தக் குரலை அவள் 'அவரு' என்றுதான் சொல்வாள். சாப்பிடும்போது, "அவரு சொன்னாரு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தடவை சேவ் பண்ணிக்கணுமாம்" என்றாள்.

"அதத்தானே நானும் சொன்னேன்."

"நீங்க எங்க சொன்னீங்க? கத்துனீங்க."

பக்கத்து வீட்டுக்காரன் முன்னேறினால் பொறாமைப்படுவது உலக வழக்கம். அண்ணன் தம்பிக்குள் உண்டு, பங்காளிக்குள் உண்டு. தன் தொண்டையிலிருந்து எடுத்த குரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் இந்த இரண்டு மாவட்டத்திலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவன் தூங்குவதில்லை. அவனுக்குக் கடன்காரன் போன் செய்வதில்லை. வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்ததும் இல்லை. இதமாகப் பேசுவதற்கு அவனுக்கு என்ன கஷ்டம்? எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் ஒரு கேள்வி. சரியான பதில் அவளுக்குத் தெரியும், முதல் நாள்தான் அதை எனக்கே ஒப்பித்திருந்தாள். விரல் சரியான பதிலுக்கு மேலே போய், ஒரு நொடி நின்று, தப்பான பதிலை அமுக்கியது. "பரவாயில்லைங்க. எல்லாருக்கும் இங்கதான் சறுக்கும்" என்றது என் குரல். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சரியான பதில் தெரிஞ்சிக்கிட்டே எதுக்குத் தப்ப அமுக்குற?" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. "அவரு சொல்றதக் கேக்கத்தான்" என்றாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சென்டருக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் படிப்பைத் திறந்தேன். பாடங்களைத் திருத்துகிற உரிமை இன்னும் என்னிடம் இருந்தது. 'பரவாயில்லைங்க' வருகிற இடங்களையெல்லாம் தேடி எடுத்து, 'தவறு. கவனமாகப் படிக்கவும்' என்று நான் முதலில் எழுதியதையே போட்டேன். ஒரு பொத்தானை அமுக்கியதும் என் குரலே அதையும் பேசியது. கேட்கும்போது நிம்மதியாக இருந்தது. இப்போதுதான் அது என் குரல் மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்து மேடம் கூப்பிட்டார். "சார், பாடத்துல ஏதும் மாத்துனீங்களா? ஜெயங்கொண்டம் பக்கத்துலேருந்தெல்லாம் கேக்கறாங்க. சாருக்கு ஏன் கோவம், வூட்டுல எதும் பிரச்சனையான்னு."

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வீட்டுக்கு வந்தால் லேப்டாப் மறுபடி பீரோ மேல் இருந்தது. போன் சார்ஜில் கிடந்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பாடம் பாக்கலையா?"

"இல்ல."

"இன்னும் கொஞ்சம்தானே இருக்கு. முடிக்கலன்னா அரியலூருக்குக் கூப்பிட மாட்டாங்களே."

"நமக்கெல்லாம் எதுக்குங்க ஆபீசு" என்றாள். பிறகு, வீட்டில் யாருக்கோ காய்ச்சல் வந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவருக்கும் என்னமோ ஆயிடுச்சு. முன்ன மாதிரி இல்ல" என்றாள்.

கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தாள். கிரைண்டரைப் போட்ட அன்றைக்கு இருந்த அதே முகம். அன்றைக்கு நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. அவனை ஒழிக்கப் போய் நான் ஒழித்தது யாருடைய ஆபீஸை என்று அப்போதுதான் உறைத்தது. போட்ட சட்டையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு சென்டருக்குப் போனேன். ஒவ்வொரு இடத்திலும் 'பரவாயில்லைங்க'வைத் திரும்பப் போட்டேன். போடும்போதும் வயிறு எரிந்தது. எதிரிக்கு என் கையாலேயே மருந்து ஊற்றுகிற வேலை.

"நாளைக்கு ஒரு தடவை பாத்துப் பாரு" என்று மட்டும் சொன்னேன். பார்த்தாள். "நல்லாயிட்டாரு" என்றாள். அந்த வாரத்திலேயே படிப்பை முடித்தாள்.

அரியலூரிலிருந்து கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், இன்றைக்காவது அவன் கூட இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் மற்ற புருஷன்மார்களோடு உட்கார்ந்திருந்தேன். சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. என் மாணவர்கள் எத்தனையோ பேர் பரீட்சைக்குப் போயிருக்கிறார்கள். ஒருவருக்காகவும் நான் இப்படி வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்ததில்லை.

வெளியே வந்தவள் கையில் ஒரு தாள் இருந்தது. அவள் அடித்துப் பிரிண்ட் எடுத்த கடிதம். "திங்கக்கெழமைலேருந்து வரச் சொல்லிட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெயிலைப் பார்த்தாள். அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தேன். தலைப்பு நடுவில், தடித்த எழுத்தில், கச்சிதமாக இருந்தது. ஒரு ஒற்றுப்பிழை கூட இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"நடுவுல அந்த லெட்டரக் காணாம அடிச்சுட்டேங்க. எங்க சேவ் பண்ணேன்னே தெரியல. தேடித்தான் எடுத்தேன்."

கம்ப்யூட்டர்லதான் பண்ணியிருப்பே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினேன். ஒரு செருமல் செருமினேன்.

"பரவாயில்லை. எல்லாருக்கும் அங்கதான் சறுக்கும்" என்றேன்.

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்படியே அவரு மாதிரியே சொல்றீங்க" என்றாள்.

என் தொண்டை, என் வாய், என் பல்லைக் கடித்து நான் சொன்ன வார்த்தை. பெயர் வாங்கிக்கொண்டு போனவன் அவன். இதற்கு யாரிடம் போய் முறையிடுவது? முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

டவுனுக்குள் பஸ் நுழையும்போது அவள் மறுபடி வாயைத் திறந்தாள்.

"இன்னொன்னுங்க. தலைப்பத் தடிச்ச எழுத்துல போடவும் மறந்துட்டேன்."

தாள் என் சட்டைப்பையில்தான் இருந்தது. தலைப்பு தடித்த எழுத்தில்தான் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"பரவாயில்லைங்க" என்றேன்.