சங்கு கொத்துமா?

சபையாரே, முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நாட்டின் முதல் பொதுத்தேர்தல் முடிந்த கையோடு, நம் வாலிபர் கூட்டத்தில், உலகத்தின் கொடிய விஷஜந்துக்களைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். ராஜநாகம், கண்ணாடி விரியன், ஆப்பிரிக்கப் பாம்பு, ஆஸ்திரேலியச் சிலந்தி என்று பதினொன்றை வரிசைப்படுத்தினேன். இரண்டு பேர் தூங்கினார்கள், அவர்கள் பாக்கியவான்கள். பட்டியலில் நத்தை இல்லை. அடுத்த சனிக்கிழமை என்னைக் கொல்லப் பார்த்தது நத்தை.

அன்று காலை நானும் என் மனைவி ஞானசெல்வமும் முட்டம் கடற்கரைக்குப் போயிருந்தோம். கடல் உள்வாங்கியிருந்தது. பாறை இடுக்கில் ஒரு சங்கு, பழுப்பும் வெள்ளையுமாகப் பாய் முடைந்ததுபோல் அத்தனை அழகு. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஏதாவது கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். குனிந்தேன். பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த சவரிமுத்து என்ற மீன்காரர் சத்தம் போட்டார்.

"சாரே, அத எடுக்காதயும். கொத்தும்."

"சங்கு கொத்துமா? அதுக்கு மூக்கு எங்க இருக்குவே?"

"கடல்ல கெடக்கது எல்லாம் படம் எடுத்துட்டா கொத்தும்?"

நான் சிரித்துக்கொண்டே எடுத்தேன். சுருக்கென்றது. உள்ளே உயிரோடு இருந்த நத்தை கொத்திவிட்டது. வோட்டுப் போட்ட அதே விரல். முள் குத்திய அளவுதான் வலி. ஆனால் சவரிமுத்து பார்த்துவிடுவாரே என்று கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கால் மணி நேரம் உலாவினேன். அந்தக் கால் மணி நேரத்துக்காக இன்றும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

முதலில் உதடு மரத்தது. பிறகு நாக்கு. மனைவியைக் கூப்பிட்டேன், குழறல்தான் வந்தது.

"இஞ்ச பாருங்க, வெளயாடாதீங்க," என்றாள்.

கால் மடங்கி மணலில் விழுந்தேன். இமைகள் தாமாக மூடின. கையில்லை, காலில்லை, குரலில்லை. காது மட்டும் இருந்தது. "ஆளு போயிட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். ஞானசெல்வம் அலறினாள். இல்லை, இருக்கிறேன் என்று சொல்ல ஒரு விரலை அசைக்க முயன்றேன். முடியவில்லை. அந்தப் பயம் எதிரிக்கும் வரக்கூடாது.

"போகல்லம்மா," இது சவரிமுத்து. "காது கேட்டுட்டுத்தான் கெடக்கும். அழாதயும். பேசிட்டு இரியும்."

என் ஜெபத்தின் நீளம் சபைக்குத் தெரியும். நான் ஆமென் சொல்வதற்குள் வயதானவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அன்று மனசுக்குள் மூன்று சொல்தான் தேறியது: ஆண்டவரே, இன்னொரு மூச்சு. அது வந்தது. மறுபடி கேட்டேன். மூச்சு சிறுத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் வரவே இல்லை. மகள் முகம் தெரிந்தது. டாக்டரை அனுப்பும், மருந்தை அனுப்பும் என்று கெஞ்சினேன்.

அப்போது என்னைக் குப்புறப் புரட்டினார்கள். விலாவில் இரண்டு கைகள் அழுந்தின, விட்டன, அழுந்தின. கடலில் மூழ்கியவனுக்குச் செய்கிற வேலை. டாக்டருக்காக ஜெபிக்கவிடாமல் இது என்ன தொந்தரவு என்றுதான் நினைத்தேன். ஜெபத்துக்குப் பதில் என் முதுகில் விழுந்துகொண்டிருக்கிறது. நானோ மனசுக்குள் டாக்டர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! சவரிமுத்துவும் அவர் தம்பிகள் இருவரும் மாறி மாறி அமுக்கினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்களாம். ஞானசெல்வம் என் காதோடு, "பிள்ள தேடுவா, போயிராதீங்க" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அதைவிட நல்ல ஜெபத்தை நான் கேட்டதில்லை.

ஆள் போய் டாக்டரை அழைத்துவரப் பிற்பகல் ஆயிற்று. "இதற்கு மருந்து கிடையாது," என்றார். "இவர்கள் செய்ததுதான் மருந்து. நிறுத்தாதீர்கள்." பொழுது சாயும்போது என் சுண்டுவிரல் அசைந்தது. முதலில் பார்த்தவள் ஞானசெல்வம்.

இப்போது என் ஜெபம் சிறியது, சபையார் கவனித்திருப்பீர்கள். அறியாததைத் தொடுமுன் கேட்கிறேன். விரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது, ஞாபகத்துக்கு. இருட்டில் கிடக்கிறவர்களே, நீங்களும் கேளுங்கள். அவர் தருவார். எந்தக் கையால் தருகிறார் என்பதை மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

எழுந்து நடமாடியதும் ஒரு குலை மட்டி வாழைப்பழத்தோடு முட்டம் போனேன். "கர்த்தர் உம்மைக்கொண்டு என்னைக் காப்பாற்றினார்," என்றேன். கண் கலங்கியது.

சவரிமுத்து ஒரு பழத்தை உரித்தார்.

"செரிதான் சாரே. எடுக்காதயும்னு மொதல்ல என்னக் கொண்டுதான சொல்லவும் செஞ்சாரு? அப்பமே கேட்டிருந்தா மூணு பேருக்க கைவலி மிச்சமாயிருக்கும்லா."