தகரம் பிடித்தவள்

பாக்கியலட்சுமியின் வலது கால் வேனுக்குள் இல்லை. காஜா பேராங் சாலையில், கீரைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்திருந்த மனுஷி, "ஐயையோ, ரோடு! ரோடு!" என்று போட்ட அலறலில் கலியாணசுந்தரம் பிரேக்கின் மேல் ஏறியே நின்றுவிட்டான். இறங்கி ஓடிவந்து பார்த்தால், வேனின் தரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு முழங்கால் வரை வெளியே தொங்குகிறது. செருப்பு எங்கோ பின்னால் கிடக்கிறது. நல்லவேளை, வளைவுக்காக மெதுவாக வந்த நேரம், ஒரு கீறலோடு போயிற்று.

"தம்பி, இது வேனா, சல்லடையா?" என்று அவள் கேட்டாள்.

பாவம், அவன் என்ன செய்வான்! ரப்பர் தோட்டத்துத் துரைக்கு வருஷக்கணக்கில் காரோட்டியவன். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்றதும் துரை மூட்டையைக் கட்டினார். போகிற போக்கில் இந்தக் கிழட்டு வேனை இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். கொடி ஏறி மூன்று மாதமாகிவிட்டது. காலையில் காய்கறிப் பெண்களை மலாக்கா பசாரில் கொண்டுபோய் விடுவதும், மத்தியானம் திரும்ப அழைத்து வருவதும்தான் இப்போது பிழைப்பு. வெளியே பார்த்தால் வேன் புது மாப்பிள்ளை மாதிரி மின்னும். ஆயுத பூசைக்குப் பெயிண்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்தானே தவிர, அடியில் குனிந்து பார்த்தவன் இல்லை.

கூலி கொடுத்து வேலை வாங்குவது என்றாலே அவனுக்கு வேப்பங்காய். தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்வான், பார்க்கச் சகிக்காது. வீட்டுக் கடிகாரத்தைத் தானே பிரித்தான், அதோடு அது செத்தது. அப்படிப்பட்டவன் சீன முதலாளி லிம் தவுக்கேயின் பட்டறைக்குப் போய், தரைக்குப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்க அவர் கேட்ட காசை அப்படியே நீட்டி, "ஒட்டித் தர வேண்டாம், ஒட்டக் கற்றுக்கொடுங்கள்" என்று நின்றான். தவுக்கே அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் காசை வாங்கிக்கொண்டார்.

கற்றுக்கொண்டுதான் விட்டான். முதல் நாளே தவுக்கே அவன் தலையில் கருப்புக் கண்ணாடி பதித்த முகமூடியைக் கவிழ்த்துவிட்டார். தீப்பொறி முகத்தில் தெறிக்காமலிருக்கத்தான் இந்தக் கவசம் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் எதைக் கேட்பான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவுக்கே புக்கிட் ரம்பாயில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பட்டறைச் சாவி இவன் கையில். இதைவிட நல்ல நாள் ஏது? ஆனால் பற்றவைக்கும்போது தகரத்தைப் பிடிக்க ஆள் வேண்டும். பெண்டாட்டி விஜயாவைக் கூப்பிட்டான். அவள் உலையில் போட்ட அரிசியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"பொறி படாத தூரத்துல நில்லு. இந்தக் குறட்டால தகரத்தக் கெட்டியாப் புடி," என்றான். இருந்த ஒரு முகமூடியையும் தன் தலையில் மாட்டிக்கொண்டான். அந்தப் பக்கம் நீல வெளிச்சம் வெடித்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தகரம் நகர்ந்துவிட்டது. இவனுக்கு வந்ததே கோபம்!

"கண்ண எங்க வச்சிருக்கே? தகரத்தப் பாத்துப் புடி!"

அப்புறம் அவள் திரும்பவே இல்லை. சோறு ஆக்கும் நேரம் தாண்டியும் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்தபோது தரை பாறை மாதிரி இருந்தது. அவன் அதன்மேல் குதித்துக் குதித்துப் பார்த்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு விஜயா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, கண்ணுக்குள்ள மண்ண அள்ளிக் கொட்டின மாதிரி இருக்குங்க." முகமெல்லாம் சிவந்து, இமை வீங்கி, தாரை தாரையாகத் தண்ணீர். விளக்குத் திரியைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை. அவன் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமியை அழைத்து வந்தான். அவள் ஒரே ஒரு பார்வைதான் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கினாள்.

"தம்பி, அம்மா வந்திருக்காப்பா. கண்ணுலயே எறங்கிட்டா."

அம்மை கண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரியாதவர் யார்? தோட்டத்தில் அவன் கூடப் பிறந்தவள் ஒருத்தி அப்படித்தான் பார்வை போய், சுவரைத் தடவித் தடவியே வாழ்ந்து செத்தாள். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வாசலில் வேப்பிலை ஏறியது, அடுப்பில் தாளிப்பு நின்றது. பாக்கியலட்சுமி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து இமைமேல் அப்பினாள். விஜயா துடித்துப்போய்க் கத்தினாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடட்டுமா?"

"அம்மா குடியிருக்கிற ஒடம்புல ஊசி குத்துவியா? அப்புறம் ரெண்டு கண்ணும் உனக்கில்ல, எனக்கில்ல!"

எடுத்த வேன் சாவியை அவன் திரும்ப ஆணியில் மாட்டினான். பாயில் கிடந்து விஜயா முனகிக்கொண்டே இருந்தாள். "போன ஆடிக்குக் கூழு ஊத்தலையே, அதுக்காம்மா? தீட்டோட வெளக்கத் தொட்டேனே, அதுக்கா? என்ன குத்தம் செஞ்சேன் தாயே, சொல்லு." இவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்வை பிழைத்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டான். விடியும்வரை இருவரும் கண் மூடவில்லை.

காலையில் சாவியைக் கொடுக்கப் போனான். தவுக்கே வேனுக்குள் குனிந்து, ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கோடு பிடித்ததுபோல் நேராக இருந்தது. கட்டைவிரலை உயர்த்தினார்.

"சியாப்பா பெகாங்?" யார் பிடித்தது என்று மலாயில் கேட்டார்.

என் பெண்டாட்டிதான், அவளுக்கு அம்மை கண்டிருக்கிறது, கண் திறக்க முடியவில்லை என்றான் இவன். தவுக்கேயின் சிரிப்பு அப்படியே நின்றது. எப்போதிலிருந்து என்று கேட்டார். நேற்றுச் சாயங்காலம் என்றான். அவள் முகத்துக்கு என்ன மாட்டினாய் என்று கேட்டார்.

கலியாணசுந்தரம் பட்டறைச் சுவரில் தொங்கிய அந்த ஒற்றை முகமூடியைப் பார்த்தான்.

"போடோ!" முட்டாள் என்று கத்தினார் தவுக்கே. அது பொறி செய்யும் வேலை இல்லை, வெளிச்சம் செய்யும் வேலை என்றார்; பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, பொழுது சாய்ந்ததும்தான் கண்ணைச் சுடும் என்றார். தொழில் பழகின காலத்தில் தானும் இப்படிக் குருடனாகக் கிடந்து அழுதிருக்கிறேன் என்றார். "ஆஸ்பத்திரிக்கு ஓடு!"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தகரத்தப் பாத்துப் புடி என்று கத்தினது யார்? வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தான்.

வீட்டு வாசலில் பாக்கியலட்சுமி இரண்டு கையையும் விரித்து மறித்தாள். "குத்தமாயிடும் தம்பி!" இவன் வேப்பிலையைப் பிய்த்தெறிந்துவிட்டு உள்ளே போனான். விஜயாவை அள்ளித் தூக்கிவந்து வேனில் கிடத்தினான்.

ஆஸ்பத்திரியில் மஞ்சளைக் கழுவி, மருந்து போட்டு, இரண்டு கண்ணுக்கும் கட்டுக் கட்டினார்கள். அந்த வெளிச்சம்தான் காரணம் என்றார் டாக்டர். பார்வை போகாது, இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார். கலியாணசுந்தரத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தவுக்கே சொன்னதையெல்லாம் சொன்னான். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தான்.

கட்டுப் போட்ட முகம் அவன் குரல் வந்த பக்கம் திரும்பியது.

"அப்ப, ஆத்தா இல்லியா?"

"இல்ல, புள்ள."

"வெளிச்சம் ஊசியாக் குத்துச்சு. தகரம் நகந்தா நீங்க திட்டுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ராவெல்லாம் நான் என்ன குத்தம் செஞ்சேன்னு அவகிட்ட கெஞ்சிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க."