புளி போட்டுத் துலக்கிய துப்பாக்கி

ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழ்த்தளத்தில் அவர் தனியாக இருந்தார். மேல்தளத்தில் நானும் கணவரும் மூன்று வயது மகளும். இரண்டாயிரங்களின் நடுவில் இரண்டு வருடம் அந்த மனிதரின் தலைக்கு மேலே பூனை நடை நடந்தே என் கால்கள் ஓய்ந்தன.

அவர் வாய்விட்டுச் சண்டை போட மாட்டார். சீட்டு எழுதி எங்கள் கதவில் ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் ஓடியது. மதியம் ஒரு மணிக்குக் குழந்தை ஓடியது. படிக்கட்டில் மசாலா வாசனை. ஒருநாள் நான் கடுகு தாளித்த சத்தம்கூடச் சீட்டில் வந்தது. எண்ணெயில் கடுகு வெடிப்பது அவருக்குத் தலைவலி தருகிறதாம். வீடு முழுக்கத் துப்பாக்கி மாட்டி வைத்திருக்கிற ஆளுக்குக் கடுகு வெடித்தால் தலைவலி!

ஆமாம், துப்பாக்கிகள். அமெரிக்காவில் காட்டெருமைகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளினார்களே, அந்தக் காலத்துத் துப்பாக்கிகள். நான்கு வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் தொங்கல் வைத்த தோல் சட்டையும் அகலத் தொப்பியும் போட்டுக்கொண்டு, தன்னைப் போலவே வேஷம் கட்டும் ஆட்களின் சங்கத்துக்குப் போவார். பென்ஷன் வாங்குகிற ஜெர்மன்காரர்கள் காட்டின் நடுவில் கூடாரம் அடித்து, அமெரிக்க வேட்டைக்காரர்களாக உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். அதை யாரும் நாற்றம் என்றோ சத்தம் என்றோ சொன்னதில்லை.

ஒரு ஆகஸ்ட் மாதம், தவறி எங்கள் பெட்டியில் விழுந்த அவருடைய தபாலைக் கொடுக்கக் கீழே போனேன். என்ன தோன்றியதோ, உள்ளே கூப்பிட்டார். சோபாவுக்கு மேலே தொங்கிய நீளமான துப்பாக்கியைக் காட்டினார். எட்டுப் பட்டை போட்ட கனத்த குழல், வால்நட் மரக் கட்டை, கட்டையில் பதித்த சின்னப் பித்தளை மூடி. ஒரு தடவைக்கு ஒரு குண்டுதானாம். வேட்டைக்காரன் இரண்டு குச்சியைக் குறுக்காக ஊன்றி, அதன்மேல் குழலைச் சாய்த்து, வெகுதூரத்தில் உட்கார்ந்தே சுடுவானாம். முதலில் கூட்டத்தை நடத்திப் போகும் எருமையைச் சாய்த்துவிட்டால் மற்றவை ஓடத் தெரியாமல் அங்கேயே நிற்குமாம். தோலை மட்டும் உரித்துக்கொண்டு கறியை அழுக விட்டுவிடுவார்களாம். இதையெல்லாம் பேரக் குழந்தையின் குறும்பைச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிறகு பித்தளை மூடியின் அருகே விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். காது கேளாதவளிடம் பேசுவது போல ஒவ்வொரு வார்த்தையாக உரக்கச் சொன்னார். இந்தக் கருமைதான் இதன் வயது. எத்தனையோ கைகள் பிடித்த கருமை. குழலின் பழுப்பும் துரு இல்லை. துடைத்தால் செத்துவிடும், பிறகு இது வெறும் குழாய். முன்பு வேலைக்கு வந்த ஒருத்தி ஒன்றைத் துடைத்துவிட்டாள், அன்றே அனுப்பிவிட்டேன். புரிகிறதா?

புரிந்தது என்றேன். வாரத்தில் நான்கு நாள் காலையில் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். எங்கள் வீட்டில் ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள். கணவருக்கு ஆபீஸில் இங்கிலீஷே போதுமானதாக இருந்தது. சீட்டுகளைப் படித்துச் சொல்வது, பதில் எழுதுவது, மன்னிப்புக் கேட்பது எல்லாம் என் தலையில். துப்பாக்கிக் கதையைக் கணவரிடம் நான் சொல்லவில்லை. கிழவர் பேசியதையெல்லாம் வீட்டுக்குள் வேறு கொண்டுவர வேண்டுமா?

செப்டம்பரில் கடைசிச் சீட்டு வந்தது. ஒரே வீட்டில் தானும் குடியிருப்பதால், காரணம் சொல்லாமலே காலி செய்யச் சொல்லத் தனக்குச் சட்டம் இடம் தருகிறது என்று எழுதியிருந்தார். முழங்கால் வைத்தியத்துக்காக மூன்று வாரம் வெளியூர் போகிறாராம். திரும்பி வந்து முடிவு சொல்வாராம். அடுத்த வரியிலேயே, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்படி கேட்டு, சாவியையும் உறையில் போட்டிருந்தார். அந்தத் துணிச்சலைப் பாருங்கள்.

எங்களுக்கு அந்த வீடு போகக் கூடாது. அதற்கு முன் பதினான்கு வீடு ஏறி இறங்கியிருந்தோம். போனில் இருக்கிறது என்பார்கள், நேரில் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது என்பார்கள். எதிர்ச் சாரியில் இருந்த குழந்தைகள் பள்ளியில் ஒரு வருடம் காத்திருந்து மகளுக்கு இடம் வாங்கியிருந்தோம். ஊமைபோல இருந்தவள் அங்கே போன பிறகுதான் வாய் திறந்து பேச ஆரம்பித்திருந்தாள்.

சீட்டைப் படித்துச் சொன்னதும் கணவர் என்மேல் பாய்ந்தார்.

"எல்லாம் உன்னாலதான். அவர் ஒரு வார்த்தை சொன்னா நீ முகத்தைத் தூக்கி வெச்சுக்கற. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போனா என்ன? வீடு போச்சுன்னா உன் கொழுப்பாலதான் போகும்."

இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கிழவரிடம் கெஞ்சியவள் நான். இவர் படிக்கட்டில் அவரைப் பார்த்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு சைக்கிள் ஏறிவிடுவார். கொழுப்பு எனக்காம். ஒரு வாரம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஆயுத பூஜை வந்தது. லேப்டாப், சைக்கிள், மகளின் கலர் பென்சில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அப்போதுதான் கணவருக்கு அந்த யோசனை உதித்தது.

"கீழ செடிக்குத் தண்ணி ஊத்தப் போறப்ப அந்தத் துப்பாக்கியெல்லாம் பாத்தியா? கறுத்துப்போய்க் கெடக்கு. பாவம், வயசான மனுஷன், துடைக்க முடியல போல. அழகா பாலிஷ் பண்ணிப் பொட்டு வெச்சு விடுவோம். வந்து பாத்தார்னா மனசு எளகிடும். நம்ம மரியாதை அவருக்கும் தெரியட்டும்."

சிந்தியிருந்த குங்குமத்தை நான் துணியால் துடைத்தேன்.

"புளி இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றேன்.

எழுந்து போய் எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறப்போட்டுக் கொடுத்தது நான்தான். தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரே வாக்கியம் போதும், வேண்டாம், தொடாதீங்க, அவர் சொல்லியிருக்கார். அது தொண்டைவரை வந்தது. கிழவரின் செல்லப் பொருள் நாசமாகட்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. இந்த ஒரு தடவையாவது குற்றம் இவர் பெயரில் விழட்டும் என்று இன்னொரு பக்கம். வீடு, பள்ளி, மகள் எதுவும் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விழுங்கிவிட்டேன்.

அவர் கீழே போய் இரண்டு மணி நேரம் வேலை செய்தார். சோபாவுக்கு மேலே தொங்கிய நீளத் துப்பாக்கியின் பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினார். குழலின் பழுப்பைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் சுரண்டித் தேங்காய் எண்ணெய் பூசினார். போய்ப் பார்த்தேன். மூடி குத்துவிளக்காக மின்னியது, கட்டையில் மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும். வியர்த்துப்போய், தலையெல்லாம் கலைந்து, "எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். அப்போதுகூட நான் உண்மையைச் சொல்லவில்லை.

கிழவர் திரும்பி வந்த அன்று மாலை மணி அடித்தது. துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். அழுதுவிடுவார் போல இருந்தார். என் கணவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"உங்களிடம் நான் சொன்னேன். புரிந்தது என்றீர்கள். ஏன் தடுக்கவில்லை?"

"என்னவாம்?" என்றார் கணவர். முகம் வெளுத்திருந்தது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்கன்னு கேக்கறார்" என்றேன்.

"ஐயோ, தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லு. மரியாதையா நெனச்சுதான் செஞ்சேன்னு சொல்லு. ப்ளீஸ், நல்லா எடுத்துச் சொல்லு."

அதை மட்டும் ஒரு பிழை இல்லாமல் ஜெர்மனில் சொன்னேன். கிழவர் கேட்டுக்கொண்டார். பிறகு கணவரை முதல் தடவையாக நேராகப் பார்த்து, மெல்லத் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

காலி செய்யும் கடிதம் அடுத்த வாரம் வந்தது. ஊருக்கு வெளியே, பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில் வீடு கிடைத்தது. பள்ளியில் மகளின் இடம் போயிற்று. புதுப் பள்ளியில் அவள் பல மாதம் யாரோடும் பேசவில்லை.

சாமான் ஏற்றிய அன்று, வெறும் அறையின் நடுவில் நின்று கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னை என்னென்னமோ சொன்னேன். கடைசியில என் முட்டாள்தனத்தாலதான் வீடு போச்சு. என்னை மன்னிச்சுடு."

"விடுங்க" என்றேன். "தெரியாமதானே செஞ்சீங்க."